ஒரே நோட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

டிக்கெட் கைக்கு வந்துவிட்டது என்று உங்களில் மூன்று பேர் நேற்று எனக்கு இனிப்புக் கொடுத்தீர்கள். சந்தோஷம், நன்றாக இருங்கள். நான்காவது ஆள் மட்டும் இனிப்போடு ஒரு கேள்வியும் கொடுத்தார். "சார், அங்கன காரியம் வேகமா நடக்கணும்னா யாருகிட்ட எவ்வளவு கொடுக்கணும்? அத மொதல்ல சொல்லிருங்க" என்றார். மற்ற மூவரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்ணூறுகளில் இதே பாளையங்கோட்டையிலிருந்து நான் கிளம்பியபோது எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான்.

வாயால் சொன்னால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். யார் மேல் என்று கேட்காதீர்கள், என் மேல்தான். அதனால் எழுதித் தருகிறேன். விமானத்தில் படித்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் வேறு என்ன செய்யப்போகிறீர்கள்?

நீங்கள் போகிற வேலை நான் பார்த்த வேலைதான். கம்பெனி ஆட்களின் பாஸ்போர்ட், அங்கே தங்குவதற்கான அட்டை, ஊர் திரும்புவதற்கான அனுமதி, இவற்றைத் தூக்கிக்கொண்டு அரசாங்க அலுவலகங்களுக்கு நடக்கிற வேலை. எந்தப் படிவம் எந்த ஜன்னலில் என்பதை ஒரு மாதத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் தேவையில்லை.

வெளிநாடு போவதற்கு முன்னால் நான் ஆறு வருடம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு அலுவலக வாசலில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மனுவுக்கு நடுவில் நோட்டு வைத்திருந்தால், மேல்தாளின் வலது மூலையைச் சின்னதாக ஒரு மடிப்பு மடித்துக் கொடுப்போம். உள்ளே இருக்கிற கிளார்க் மடித்த மூலையைப் பார்த்தால் அதைத் தனியாக எடுத்துவைத்துக்கொள்வார். யாரும் யாரிடமும் பணம் என்ற வார்த்தையைச் சொன்னதே இல்லை. "மூலை மடிச்சாச்சா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். மனு கொடுக்க வருகிற பெரியவர்களே தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, மூலை நேரா இருக்கு?" என்று பதறிப்போவார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அது தப்பு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. படிவத்துக்குத் தபால்தலை ஒட்டுகிற மாதிரி அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தோடு ஒரு வளைகுடா நாட்டுக்குப் போய் இறங்கினேன். கட்டுமான கம்பெனி. முந்நூறு ஆட்களுக்கு மேல். காகித வேலைக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார், காயல்பட்டினத்துக்காரர். எல்லாரும் காக்கா என்று கூப்பிட்டார்கள். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் காக்கா என்றே கூப்பிட்டேன். இருபது வருடம் அந்த ஊரில் இருந்தவர், அரபி தண்ணீர் பட்ட பாடு. வயதாகிக்கொண்டிருந்தது. அவர் ஊருக்குப் போனபிறகு அந்த நாற்காலி எனக்கு என்று பேச்சு.

காக்காவின் வழி எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வரிசையில் நிற்பார். நாளைக்கு வா என்றால் சலாம் சொல்லிவிட்டு நாளைக்குப் போவார். ஜன்னலில் இருக்கிற ஒவ்வொருவரின் பெயரும், பிள்ளைகள் எந்த வகுப்பு என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு பேனா கூட யாருக்கும் கொடுத்ததில்லை. ஆள் சரியான கஞ்சன் என்று நினைத்தேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"காக்கா, ஒரு நோட்டுல முடியுத காரியத்துக்கு மூணு நாள் நிக்கணுமா?"

"தம்பி, எங்க மார்க்கத்துல அது ஹராம். அத விடும், உமக்கு அது வேற மார்க்கம். ஒண்ணு மட்டும் யோசியும். உம்ம காகிதம் மேல ஏறுனா, வேற யாரு காகிதமோ அடியில போவுது. அவனுக்கும் ஊருல யாராச்சும் படுத்துக் கெடப்பாங்கள்லா?"

"எல்லாரும் செய்யுததுதான காக்கா."

"நம்மூருல மாட்டுனா வக்கீலு இருக்காரு, வார்டு மெம்பர் இருக்காரு, ஓடியாற மச்சினன் இருக்கான். இங்கன நமக்கு யாரு வே இருக்கா? அல்லாவும் அந்த அட்டையுந்தான்."

நல்ல பேச்சு என்று மனதுக்குள் மார்க் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

இரண்டாவது வருடம் அது நடந்தது. கம்பி கட்டுகிற பிரிவில் சொரிமுத்து என்று ஒருவன் இருந்தான். விக்கிரமசிங்கபுரத்துக்காரன், இருபத்தாறு இருபத்தேழு வயது, அதிகம் பேசாத ஆள். ஊரில் அம்மாவும் ஒரு தங்கையும். ஒரு காலையில், ஆட்கள் தங்குகிற முகாமில் இருந்த எங்கள் அலுவலகத்துக்குத் தங்கையிடமிருந்து போன். அவர்கள் ஊர் நூல் மில் வாசலுக்கு எதிரே இருக்கிற எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். நான்தான் எடுத்தேன்.

"அண்ணாச்சி, எங்கம்மாவுக்கு வயித்துல கட்டி. பெரிய ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். ஆபரேசன் உடனே பண்ணணும்னு டாக்டர் சொல்லுதாரு. பத்து நாளைக்கு மேல தள்ளுனா அவரு பொறுப்பில்லைங்காரு. இவ என்னடான்னா, எம்மவன் மொகத்தப் பாக்காம எம்மேல கத்தி படக்கூடாதுங்கா. கையெழுத்துப் போட மாட்டேங்கா. அண்ணன எப்படியாச்சும் அனுப்பி வைங்க."

சொரிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழவில்லை. "அவ அப்படித்தான் அண்ணாச்சி. சொன்னா சொன்னதுதான்" என்றான். நேராக அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிவிட்டு வந்து நின்றான். "நாளைக்கே அனுப்பிருதேன்லே, பேசாம இரு" என்று தோளைத் தட்டினேன்.

அவன் போனதும் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அவனுடைய அட்டை காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதுப்பிக்க வேண்டிய நாற்பது அட்டைகளை நான் கொண்டுபோனபோது, இது ஒன்று வேலை முடிந்த கட்டோடு சேர்ந்துபோய்விட்டது. என் கை செய்த வேலை. வேறு யாரும் அந்த அலமாரியைத் தொடுவதில்லை.

அட்டை காலாவதியான ஆளுக்கு ஊர் போகிற அனுமதி கிடைக்காது. முதலில் அபராதம் கட்டவேண்டும். பிறகு தாமதம் ஏன், யாரால் என்று கம்பெனி எழுதி, மேலாளர் கையெழுத்துப் போட்டு, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். யாரால் என்ற இடத்தில் என் பெயர் வரும். அந்த நேரம் பாளையங்கோட்டையில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தேன். காக்காவின் நாற்காலி வேறு கண்ணில் நின்றது. வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, 'இவ்வளவு கெட்டிக்காரன் இப்படிப் பண்ணிட்டானே' என்று நாலு பேர் சொல்வார்களே என்ற கூச்சம்தான் அதிகம். காக்காவிடம் சொல்லியிருந்தால் வழி சொல்லியிருப்பார். சொல்லவில்லை. அவர் அடுத்த ஊர் அலுவலகத்துக்குப் போகிற நாளாகப் பார்த்து, மறுநாள் காலையில் சொரிமுத்துவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அனுமதி கேட்கிற ஆளே ஜன்னலில் நின்று பாஸ்போர்ட்டைக் கொடுக்கவேண்டும், கைரேகை வைக்கவேண்டும் என்பது அங்கே விதி. அட்டைத் தேதியைக் கண்டுகொள்ளாமல் விடட்டும் என்று, வரிசையில் நிற்கும்போது பாஸ்போர்ட்டுக்குள் ஒரு பெரிய நோட்டை வைத்தேன். அதைப் படிவத்துக்குள் செருகினேன். பிறகு, உங்களுக்குச் சிரிப்பு வரும், படிவத்தின் வலது மூலையை மடித்தேன். கை தானாக மடித்துவிட்டது. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால், ஜங்ஷன் வாசலில் நிற்கிற நினைப்பு எனக்கு. மடித்ததைச் சொரிமுத்துவின் கையில் கொடுத்தேன். அவன் வாங்கி ஒருதரம் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

ஜன்னலில் இருந்த அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சொரிமுத்து கொடுத்ததை வாங்கினார். மடிந்த மூலையைப் பார்த்தார். கட்டைவிரலால் அதை நிமிர்த்தி, இரண்டுதரம் அழுத்தித் தேய்த்துச் சரிசெய்தார். அந்த ஊரில் மூலை மடிந்த தாள் என்றால் வெறும் மூலை மடிந்த தாள்தான். தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பிடுங்கிவிடலாம் என்றால் கை எழவில்லை. அவர் பாஸ்போர்ட்டைத் திறந்தார்.

சத்தம் எதுவும் போடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பார்த்தார். சொரிமுத்துவைப் பார்த்தார். பின்னால் நின்ற என்னைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அந்த அளவுக்கு அரபி எனக்குத் தெரியும். பதிலுக்கு வேண்டிய அரபியும் தெரியும். வாய் திறக்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. பணம் அவன் பாஸ்போர்ட்டில் இருக்கிறது, அவன் கையால் கொடுத்தது, நான் வெறுமனே கூட வந்த ஆள் என்று என் மூளை அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது.

இரண்டு காவலர்கள் வந்து சொரிமுத்துவை உள்கதவு வழியாக அழைத்துப்போனார்கள். கதவுக்கு முன்னால் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ரூம்ல பெட்டி கட்டி வச்சிருக்கேன். பாத்துக்கிடுங்க" என்றான்.

முகாமுக்குத் திரும்பி மேலாளரிடம் போனேன். அவர் நம் பக்கத்துக்காரர் இல்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "கம்பெனி பெயர் வருமா?" வராது என்றதும் நிம்மதியாகிவிட்டார். "பிறகென்ன? நீ வாயைத் திறக்காதே. கம்பி கட்ட வேறு ஆள் கிடைப்பான்" என்றார். என்னைக் காப்பாற்றுகிற பேச்சுத்தான் அது. எனக்கு அந்த ஆளை அறையவேண்டும் போல இருந்தது. அவரை அறைந்து என்ன, காலையில் ஜன்னலில் நானும் அதையேதான் செய்திருந்தேன்.

அந்த நாட்டுச் சட்டத்தில் வாங்குகிறவனுக்கு என்ன தண்டனையோ அதேதான் கொடுக்கிறவனுக்கும். ஊரில் டாக்டர் சொன்ன பத்து நாளில் ஒன்று ஏற்கெனவே கழிந்திருந்தது. வழக்கு என்று போனால் மாதக்கணக்கு. அதற்குள் அந்த அம்மாள் கதி என்ன? அவள் கையெழுத்துப் போடமாட்டாள். நான் இதைத்தான் நினைத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலத் தொழுகை முடிந்து காக்கா வந்தார். முகத்தைப் பார்த்ததுமே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சொன்னேன். அட்டை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவசரத்தில் பணம் வைத்துவிட்டேன் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"உள்ள போம்போது அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"பெட்டியப் பாத்துக்கிடுங்கன்னான்."

"பாத்தீரா?"

நான் பார்த்திருக்கவில்லை. அவன் அறைக்குப் போகிற தைரியம் எனக்கு இல்லை. காக்கா எழுந்தார். இரண்டு பேரும் போனோம். கட்டிலுக்குக் கீழே நைலான் கயிறு சுற்றிய பெட்டி. மேலே பேனாவால் அவன் பெயர், ஊர், மில் காலனித் தெரு. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் அம்மாவுக்கு வாங்கிய கம்பளி இருந்தது. விக்கிரமசிங்கபுரத்து வெயிலுக்குக் கம்பளி! எனக்கு அழுகை வந்துவிட்டது. அறையில் இருந்த மற்ற ஆட்கள் பார்க்கிறார்கள் என்று கூடத் தோன்றாமல் அழுதேன்.

"காக்கா, நான் போய்ச் சொன்னா என்ன ஆகும்?"

"உம்ம உள்ள வைப்பான். பொறவு ஊருக்கு அனுப்பிருவான். திரும்ப இந்த மண்ண மிதிக்க முடியாது. வேற ஒண்ணும் நடக்கலாம், அது எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன்."

"நான் சொல்லாட்டா?"

"அது உமக்கே தெரியும்லா" என்றார். பிறகு, "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நான் வேன்கிட்ட நிப்பேன். நீர் வந்தா சேந்து போவோம். வரல்லேன்னா நான் மட்டும் போவேன். அந்தப் பயலுக்காக யாராச்சும் போய் நிக்கணும்லா" என்றார்.

ஆறரைக்கே நான் வேன் பக்கத்தில் நின்றேன். வீரம் ஒன்றும் இல்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காக்காவைப் பார்த்ததும் எழுந்து கைகொடுத்தார். நான் தமிழில் சொன்னேன், காக்கா அரபியில் சொன்னார். பணம் என்னுடையது, வைத்தவன் நான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. கம்பெனி பக்கம் அட்டை தாமதமாகிவிட்டது, அவன் தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அவசரத்தில் செய்துவிட்டேன். கம்பெனி பக்கம் என்று நான் சொன்னபோது காக்கா ஒருதரம் என் பக்கம் திரும்பினார். திரும்பிவிட்டு, சொன்னதை அப்படியே அரபியில் சொன்னார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். ஒரு காகிதத்தை எடுத்துக் காக்காவிடம் காட்டி என்னவோ நீளமாகப் பேசினார். காக்காவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"தம்பி, இவரு சொல்லுதாரு, நேத்தே அவன் ஒத்துக்கிட்டானாம். பணம் என்னுது, நாந்தான் வச்சேன், கூட வந்தவருக்கு எதுவும் தெரியாதுன்னு வாக்குமூலம் குடுத்துட்டானாம். தமிழ் ஆளு கெடைக்காம, மலையாளம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர வச்சு எழுதி வாங்கியிருக்காங்க. இவரு இருவது வருசமா இந்த வேலைல இருக்காராம். எவனப் புடிச்சாலும் பணம் என்னுது இல்லம்பானாம். ஒரு நோட்டுக்கு ரெண்டு சொந்தக்காரன் வந்து நிக்கறத இப்பந்தான் பாக்குதாராம்."

சொரிமுத்துவைக் கூட்டிவரச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். உள்ளே காக்காவும் அதிகாரியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, கிறுக்குப் பயலே, நான் பணம் வச்சது உனக்கு எப்படிலே தெரியும்?" என்றேன்.

"நீங்க மூலைய மடிச்சதப் பாத்தம்லா அண்ணாச்சி. எங்கப்பா செத்த பொறவு மில்லு பணம் வாங்க எத்தன மூலை மடிச்சிருப்போம்!"

"பொறவு ஏம்லே உன்னுதுன்னு சொன்னே?"

"எங்கம்மாவுக்காக உங்க கைக்காசப் போட்டு வச்சிருக்கிய. உங்களப் போய்க் காட்டிக்குடுக்கச் சொல்லுதியளா?" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க வெளிய இருந்தாத்தான் என்னைய எப்படியாச்சும் ஊருக்கு அனுப்புவிய. நான் வெளிய இருந்து நீங்க உள்ள போனா என் காகிதத்த யாரு பாப்பா? அதையும் நெனச்சேன்" என்றான்.

அவன் அம்மாவுக்காக நான் வைத்தேன் என்று அந்தப் பையன் நினைத்திருந்தான். இல்லையடா, என் தப்பை மறைக்க வைத்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்போதும் சொல்லவில்லை. பாதி உண்மை சொன்னதிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. மீதிப் பாதியை முழுங்கிவிட்டேன்.

அன்று மதியம் அவனை விட்டுவிட்டார்கள். என்னை உள்ளே வைத்தார்கள். பதினோரு நாள். அடி உதை எதுவும் இல்லை. ஒரு அறையில் ஏழெட்டுப் பேர். நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். தினமும் காக்கா வந்து ஜன்னல் வழியாக இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வந்து, "பயல் நேத்து ஏறிட்டான் வே" என்றார். அபராதம் கட்டி, யாரால் என்ற இடத்தில் கம்பெனி என்று மட்டும் எழுதிய கடிதம் கொடுத்து, தாயார் நிலைமையைச் சொன்னதும் அதே நாளில் அனுமதி கொடுத்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரி அவசரம் என்றால் அப்படி ஒரு வழக்கம் அங்கே எப்போதும் உண்டு. ஜன்னலில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவேயில்லை. ஆறாம் நாள் வந்து, ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது என்றார். கம்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அந்த அறையில் இருந்தவர்களுக்கு எங்களைப் பார்த்தால் எப்படி இருந்ததோ.

பிறகு என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி ஊருக்கு அனுப்பினார்கள். திரும்ப வரக்கூடாது என்ற முத்திரை. அலுவலகத்தில் காக்கா நாற்காலிக்கு வேறு யாரோ வந்தார்கள். என் வீடு மூன்று வருடம் அஸ்திவாரத்தோடு நின்றது. பிறகு அதே அஸ்திவாரத்தில், நினைத்ததில் பாதி அளவுக்கு எழும்பியது. அந்தப் பாதி வீட்டில்தான் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். காற்று நன்றாக வரும். எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஊரில் வெளிநாடு போகிறவர்களுக்குக் காகிதம் சரிபார்க்கிற வேலையைப் பிடித்துக்கொண்டேன், அதிலேயே ஓய்வும் பெற்றேன். அத்தனை வருடமும் என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் தேதிப் பட்டியல் ஒன்று தொங்கியது. யார் அட்டை எப்போது முடிகிறது, யார் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது எல்லாம் அதில் இருக்கும். பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். நீங்களும் போனதும் அப்படி ஒன்று தொங்கவிடுங்கள். கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

யாரிடம் எவ்வளவு என்று கேட்ட தம்பி, உங்களுக்கு இதுவரைக்கும் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன். பதிலை நான் கண்டுபிடிக்கவில்லை, ஒரு அம்மாள் கண்டுபிடித்தாள்.

ஊர் வந்து ஒரு மாதம் நான் வீட்டைவிட்டு வெளியே தலை காட்டவில்லை. பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு, வருகிறேன் என்று சொரிமுத்துவுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு, ஒருநாள் அம்பாசமுத்திரம் வழியாக விக்கிரமசிங்கபுரத்துக்கு பஸ் ஏறினேன். ஆற்றில் தண்ணீர் நிறைய போய்க்கொண்டிருந்தது. நான் இறங்கிய நேரம் மில் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்து வருகிற சைக்கிள்களுக்கு நடுவில் சொரிமுத்து நின்றுகொண்டிருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. கல்யாண மாப்பிள்ளையை வரவேற்கிற மாதிரி என் பையைப் பிடுங்கிக்கொண்டான். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "நான் சொல்லுவம்லா, அந்த அண்ணாச்சி இவுகதான்" என்றான். எனக்கு நடக்கவே கூசியது.

அவன் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, கண் மட்டும் நல்ல கூர்மை. கட்டில் காலில் அந்தக் கம்பளி மடித்துக் கிடந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், நான் தடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. தங்கை உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். அண்ணனும் தங்கையும் மாறி மாறி என் பெருமையைப் பேசினார்கள். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் போனதும் கேட்டாள்.

"எய்யா, நான் முப்பது வருசம் இந்த மில்லுல நூல் சுத்துனவ. தெனமும் உள்ள போம்போதும் வெளிய வரும்போதும் கார்டு குத்துனவ. கார்டுன்னா எனக்குத் தெரியும். எம்மவன் கார்டு தேதி முடிஞ்சு போச்சுன்னான். அது எப்பிடிய்யா முடியும்? அத நேரத்துக்கு மாத்த வேண்டியது யாரு வேல?"

மேலாளர் கேட்கவில்லை. அதிகாரி கேட்கவில்லை. காக்காவுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் கேட்கவில்லை. எல்லாரும் அந்த நோட்டையே பேசிக்கொண்டிருந்தார்கள். வயிற்றில் தையல் ஆறாமல் உட்கார்ந்திருக்கிற இவள் நேராக அங்கே வந்து கை வைத்துவிட்டாள்.

கையில் எடுத்த சோற்றைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

"என் வேலைதாம்மா."

"பொறவு?"

"மறந்துட்டேம்மா. நாந்தான் மறந்துட்டேன். அதை மறைக்கத்தான் பணத்தை வச்சேன். உங்களுக்காக வைக்கல."

அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் எனக்குத் தேகமே லேசாகிவிட்டது. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.  அவள் கையை நீட்டித் துவையல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே அந்த ஜன்னல்ல சொல்லியிருந்தா என்னய்யா?" என்றாள். "சரி, சாப்பிடு. சோறு ஆறிப் போவுது."